பத்தாவது மாதத்துக்குக் கட்டம் இல்லை

உத்திரமேரூர் காலனியில் பரிமளா என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பேங்க் வேலை என்பார் ஒருவர். ஆன்லைனில் டியூஷன் எடுக்கிறாள் என்பார் இன்னொருவர். அவளைப் பெற்ற செல்லாயியைக் கேட்டால், "கம்ப்யூட்டர்ல எழுதிக்கினு கீது" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். மூன்றில் செல்லாயி சொன்னதுதான் உண்மைக்குப் பக்கம். போனில் நாம் தொடுகிற பொத்தான்களிலும் அதில் வந்து விழுகிற செய்திகளிலும் இருக்கும் தமிழை யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. தானாக முளைத்தது என்று நினைப்பு. பரிமளா அப்படி உட்கார்ந்து எழுதுகிறவர்களில் ஒருத்தி.

வயது முப்பத்திரண்டு. செங்கல்பட்டில் ஆங்கிலம் படித்தாள். அப்பா ஞானதாஸ் அரிசி மில்லில் வாட்ச்மேன். அம்மா இன்றைக்கும் நடவுக்கும் களையெடுக்கவும் போகிறாள். வீடு மாதா கோயிலுக்குப் பின்பக்கம். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று ஊரார் பல காரணம் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் பொழுது போக வேண்டாமா? நாம் அதற்குள் போக வேண்டாம்.

வேலை அவளுக்கு வரிவரியாக வரும். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் காலி. காலியில் தமிழை நிரப்ப வேண்டும். இந்த வரி திரையில் எங்கே வரப்போகிறது, இதற்கு மேலே என்ன இருக்கும், யார் படிக்கப்போகிறார்கள் என்று ஒரு விவரமும் இருக்காது. ஒரு வரி "மூச்சை மெதுவாக விடுங்கள்" என்று சொல்லும். அடுத்த வரி "புகைப்படம் சேர்" என்று சொல்லும். அதற்கடுத்தது "கடவுச்சொல் தவறு." சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டதுபோல இருக்கும். போதாததற்கு ஒவ்வொரு வரிக்கும் இத்தனை எழுத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஒரு வரம்பு வேறு. ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த பெட்டி அது. தமிழ் அதில் கையை நுழைத்தால் கால் வெளியே நிற்கும். எழுத்து கூடினால் சிவப்புக் கோடு விழும். பரிமளா சொல்லைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் யார் வாயிலும் வராத ஒரு தமிழில் கொண்டுபோய் நிறுத்துவாள். கோடு மறையும். அடுத்த வரி.

அந்த ஆங்கிலம் எதற்கெடுத்தாலும் நன்றி சொல்லும், மன்னிப்புக் கேட்கும், "அசத்துகிறீர்கள்" என்று தட்டிக்கொடுக்கும். எங்கள் ஊரில் பெண் கொடுத்த சம்பந்திக்கே யாரும் வாய்விட்டு நன்றி சொல்வதில்லை. பொத்தானை அழுத்தினதற்கு எதற்கு நன்றி? ஆனாலும் பரிமளா எழுதினாள். எழுதத்தான் காசு.

போன வருஷம் அவளுக்கு வந்தது கர்ப்பிணிகளுக்கான ஒரு ஆப். வெளி மாநிலத்துத் தொண்டு நிறுவனம் ஒன்று செய்தது. எழுதப் படிக்க சிரமப்படுகிறவர்களுக்காக, எழுத்தைப் போனே பெண் குரலில் வாசித்துக் காட்டும். பல மொழிகளில் ஒரே நேரத்தில் வெளிவர வேண்டும் என்று அவசரம். எண்ணூறு வரிக்கு மேல் இருந்தது. வாந்தி, வலி, இரத்தப்போக்கு, பால் கட்டிக்கொள்வது என்று ஒன்று பாக்கியில்லை. பரிமளா லேப்டாப்பைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு எழுதினாள், அம்மா கண்ணில் படாமல்.

அப்படி ஒளித்து எழுத வேண்டிய காரணம் இருந்தது. அந்த வீட்டில் பெண்கள் கூடிப் பிள்ளைப்பேற்றுப் பேச்சை எடுத்தால் செல்லாயி உடனே மகள் பக்கம் திரும்புவாள். "பரிமளா, கடைக்கிப் போயி உப்பு வாங்கிக்கினு வா." உப்பு ஜாடி நிறைய இருக்கும். கல்யாணம் ஆகாத பெண்ணின் காதில் அதெல்லாம் விழக்கூடாது என்பது வழக்கம். பதினைந்து வயதில் உப்பு வாங்கப் போனவள் முப்பத்திரண்டிலும் போய்க்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சு ஒரு நாளும் அவள் காதில் முழுதாக விழுந்ததில்லை. கருப்பையின் உறைக்கு மருத்துவர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பெண் தன் மாதத்தை எப்படி எண்ணுகிறாள் என்று தெரியாது. "பத்து மாசம் சொமந்தேனே உன்ன" என்று செல்லாயி திட்டுவது தெரியும். வசவில் ஒரு மாதத்தைக் கூட்டிப் போட்டுக்கொள்வது அம்மாக்களின் சுபாவம் என்று நினைத்திருந்தாள்.

அந்த எண்ணூறில் ஒரு வரிக்கு அவள் எழுதிய தமிழ்: "இது உங்களுக்கு எத்தனையாவது மாதம்?" அதில் எந்தப் பிழையும் இல்லை. திரையில் அந்தக் கேள்விக்குக் கீழே ஒன்றிலிருந்து ஒன்பது வரை கட்டங்கள் இருந்தன. எண்ணை மொழிபெயர்க்க வேண்டியதில்லை என்பதால் கட்டங்கள் அவளிடம் வரவே இல்லை.

இனி நதியா. ஏரிக்கரையை ஒட்டின இருளர் குடியிருப்பில் இருக்கிறாள். புருஷன் மணிகண்டன், மாமியார் அங்கம்மாள். நதியாவுக்கு முதல் பிள்ளை செங்கல் சூளையில் பிறந்தது. வேலைக்குப் போன இடத்தில், உதவிக்குப் பெரியவர்கள் யாரும் இல்லாமல். பிள்ளை அழவில்லை. அதை அங்கேயே புதைத்துவிட்டு வந்தார்கள். இந்த முறை சூளைப் பக்கமே போகக் கூடாது, ஆஸ்பத்திரியில்தான் பெறுவது என்று நதியா பிடிவாதமாக இருந்தாள். அங்கம்மாளுக்கு ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது. அங்கே கத்தியைத் தூக்குவார்கள் என்று பயம். இருந்தாலும் மருமகளின் பிடிவாதத்துக்கு அடங்கியிருந்தாள்.

சித்திரை பிறந்ததும் தொண்டு நிறுவனத்துப் பெண் ஒருத்தி குடியிருப்புக்கு வந்து, நதியாவின் போனில் அந்த ஆப்பைப் போட்டுக்கொடுத்தாள். பரிமளாவின் கேள்வியைப் போன் கேட்டது. நதியா, "ஒம்போது நடக்குது" என்றாள். அந்தப் பெண் ஒன்பதை அழுத்தினாள்.

இங்கே பெண்கள் கணக்கு இப்படி: கடைசியாகத் தூரம் வந்து தலைக்கு ஊற்றிக்கொண்ட தமிழ் மாதம் ஒன்று. அதிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் பத்தாவதில் பிள்ளை. நடக்கிற மாதமும் கணக்கில் சேரும். அந்த ஆப் வேறு ஊர்க் கணக்கு. அதற்கு ஒன்பது என்றால் பிரசவம் இதோ அதோ. பத்து என்று ஒன்று அதன் உலகத்தில் கிடையாது. ஒரே எண்ணைத்தான் இரண்டு பேரும் சொன்னார்கள். நடுவில் ஏறக்குறைய ஒரு மாதம் விழுந்து காணாமல் போனது.

எந்நேரமும் வலி வரலாம், வேலைக்குப் போக வேண்டாம், துணிமணி எடுத்து வையுங்கள் என்று போன் தினமும் சொல்ல ஆரம்பித்தது. சொர்ணவாரிப் பட்டத்து நெல் நடவு நடந்துகொண்டிருந்த சமயம். நதியா நடவை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தாள். துணி மூட்டை வாசல் பக்கத்திலேயே இருந்தது. வலி வரவில்லை. சித்திரை முடிகிற நேரத்தில் ஒரு காலை போன் குஷியாகப் பேசியது. வாழ்த்துகள், உங்கள் செல்லத்துக்கு இன்று ஏழாம் நாள், தொப்புளில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றது. நதியா நிறை வயிற்றோடு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் மணிகண்டன் போனைத் தூக்கிக்கொண்டு பரிமளா வீட்டுக்கு வந்தான். போனில் எழுதுகிற ஆள் காலனியில் இருக்கிறாள் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். வாசலில் செல்லாயி பயறு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, எங்க வூட்டுல கொயந்த பொறந்துடுச்சாம். இது சொல்லுது" என்றான் பரிமளாவிடம். "கொயந்த எங்க கீதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

அவன் பொத்தானை அழுத்தினான். பெண் குரல் தொப்புளில் ஆரம்பித்து, பால் கொடுக்கும் முன் மார்பகத்தை வெதுவெதுப்பான துணியால் துடைப்பது எப்படி என்று நிறுத்தி நிதானமாக விளக்கியது. பரிமளா தன் எழுத்தைக் குரலாகக் கேட்பது அதுதான் முதல் தடவை. அதுவும் ஒரு ஆண்பிள்ளை முன்னால், அம்மா முன்னால். செல்லாயியின் முறம் நின்றுவிட்டது.

"இதையா நீ எழுதிக்கினு கீற?"

மணிகண்டன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "எங்கம்மா ஒரே அழுவ. மொதல்ல போச்சே, அது மாதிரி உள்ள ஏதோ ஆயிடுச்சு, அதான் மிசினுக்குத் தெரிஞ்சுக் கீதுன்னு சொல்லுது. ஆஸ்பத்திரியும் வேணாம், போனும் வேணாம், ரெண்டும் ஒரே ஆளுங்கதான், வூட்டுலயே பாத்துக்கலாம்னுது. நதியாவும் சரின்னுடுச்சு."

பரிமளா எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு அவனோடு நடந்தாள்.

நதியா கோபமாகத்தான் இருந்தாள். அழவில்லை. "போன்ல பேசுனது நீதானேக்கா? நீ சொன்னதக் கேட்டு நடவுக்குப் போவாம குந்திக்கினு இருந்தேன். இன்னிக்கி ஏழாம் நாள்னு சொல்ற. நான் இன்னான்னு எடுத்துக்கறது?" ஆப்பை அங்கேயே, பரிமளா பார்க்க, போனிலிருந்து அழித்தாள்.

பரிமளா கேட்டாள். எப்படி எண்ணுகிறாய் என்று. இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம், உப்பு வாங்கப் போகாமல், நேருக்கு நேராக உட்கார்ந்து கேட்டாள். நதியா விரல் மடக்கினாள். ஆவணி ஆரம்பத்துல தலைக்கு ஊத்துனேன், ஆவணி ஒண்ணு, புரட்டாசி ரெண்டு. சித்திரையில் ஒன்பது விரல் மடங்கியது. ஒரு விரல் நீட்டிக்கொண்டு நின்றது. பரிமளா சுவரில் தொங்கிய கேலண்டரைப் புரட்டி ஆங்கிலத் தேதிக்கு மாற்றிப் பார்த்தாள். வைகாசி நடுவில்தான் நாள் வந்தது. நதியாவின் வயிற்றுக்கு எதுவும் ஆகவில்லை. ஆனது அந்தக் கேள்விக்கும் கட்டத்துக்கும் நடுவில்.

அவளுக்கு வேலை அனுப்புகிற ஏஜென்சியில் தினேஷ்குமார் என்று ஒருவர். ஏரிக்கரையில் நின்றபடியே அவருக்குப் போன் செய்தாள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர்தான். "வேற மொழிக்காரங்க யாரும் இத சொல்லலையே மேடம். நீங்க ஒரு மெயில் போட்டுடுங்க. அடுத்த வெர்ஷன்ல பார்க்கச் சொல்றேன், ஆடிக்கு மேல ஆகும்."

ஆடிக்கு மேல் என்றால் நதியாவின் பிள்ளை குப்புற விழுந்துகொண்டிருக்கும், இருந்தால். பரிமளா மெயிலைப் போட்டுவிட்டு மறுபடி அந்த வீட்டுக்குள் போனாள்.

"நான் எழுதுன வார்த்தையில தப்பு இல்ல. ஆனா தப்பு என் வார்த்தையிலதான் ஏறிக்கினு உன்கிட்ட வந்துச்சு" என்றாள் நதியாவிடம். "வைகாசி பாதியிலதான் உனக்கு நாளு. அதுவரைக்கும் அந்த ஆப் சொல்ல வேண்டியத நானே வந்து சொல்றேன். ஆஸ்பத்திரிக்கு மட்டும் போயிடு."

நதியா மாமியாரைப் பார்த்தாள். பிறகு, "நீ சொன்ன நாளுக்கு, நீ சொன்ன மாதிரி வலி வந்துச்சுன்னா ஆஸ்பத்திரி. இல்லன்னா வூடு" என்றாள். அங்கம்மாள் அதற்குத் தலையாட்டினாள். வீடு என்றால் சூளையில் நடந்ததுதான் மறுபடியும் நடக்கும் என்று பரிமளாவுக்குப் பயம். ஆனால் அதற்கு மேல் வற்புறுத்த அவளுக்கு அங்கே வாய் இருக்கவில்லை.

அன்றிலிருந்து சாயங்காலமானால் அவள் ஏரிக்கரைக்குப் போனாள். முதல் நாள் தன் போன் திரையைப் பார்த்து, தான் எழுதினதை வாசித்தாள். "அடிவயிற்றில் சீரான இடைவெளியில் இறுக்கம் ஏற்படக்கூடும்." நதியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாக்கா, கோயில்ல நின்னுக்கினு படிக்கற மாதிரி படிக்கற?" பரிமளா போனைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லப் பார்த்தாள். வாய் வரவில்லை. எண்ணூறு வரி எழுதின கைக்கு ஒரு வரி வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. அந்தச் சொற்களை அவள் எழுதியிருக்கிறாளே தவிர ஒரு தடவைகூட உச்சரித்ததில்லை. எழுதும்போது எதிரில் ஆளே இல்லை. இங்கே ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்து, வயிற்றில் கை வைத்துக்கொண்டு, உம் சொல்லு என்கிறாள்.

இரண்டாம் நாள் கொஞ்சம் வந்தது. நாலாம் நாள் சரளமாக வந்தது. "வயிறு கல்லு மாதிரி இறுகும், அப்பறம் வுட்டுடும். மறுபடி இறுகும். வுட்டு வுட்டு வந்து, நேரம் கொறஞ்சிக்கினே வந்தா அதான் வலி. சும்மா ஒரு வாட்டி இறுகிட்டு அடங்கிடுச்சின்னா அது இல்ல. தண்ணி ஒடஞ்சா ஒரு நிமிசம் கூட குந்தாத, எனக்குப் போன் பண்ணு." அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். கல்யாணமாகாதது பேசுறத பாரு என்று ஒருத்தி சொன்னாள். சொன்னவளே மறுநாளும் வந்தாள். வீட்டில் செல்லாயி மகளோடு சரியாகப் பேசவில்லை. ஆனாலும் எங்கே போகிறாய் என்று கேட்டு மறிக்கவும் இல்லை.

வைகாசி வந்தது. பரிமளாவுக்குத் தூக்கம் போனது. கேலண்டரில் அவள் எடுத்துச் சொன்ன நாள் நெருங்க நெருங்க, எண்ணினது சரிதானா, நதியாவுக்கு ஆவணி நினைவிருந்தது சரிதானா என்று உருப்போட்டுக்கொண்டே இருந்தாள். நாள் தள்ளினால் அங்கம்மாள் வீட்டிலேயே பார்த்துக்கொள்வாள். சொன்னது பலிக்குமா என்று காத்திருக்கிற மாதிரி அவள் ஒரு வரியையும் எழுதினதில்லை.

சொன்ன நாளுக்கு முந்தின காலை. கஞ்சி வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் போன் வந்தது. "யக்கா, வுட்டு வுட்டு வருது. நீ சொன்ன மாதிரியே கீது" என்றாள் நதியா. பரிமளா ஏரிக்கரைக்கு ஓடினாள். ஆம்புலன்ஸ் கரைமேட்டு ரோட்டில் வந்து நின்றது. அங்கம்மாள் துணி மூட்டையோடு ஏறி உட்கார்ந்தாள். நாள் ஒன்று முந்தினாலும் கொடுத்த வாக்கை அவள் காப்பாற்றினாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக் கதவருகே நர்ஸ், துணைக்கு ஒருத்தர் வரலாம் என்றார். நதியா பரிமளாவின் கையைப் பிடித்தாள். நர்ஸ் பரிமளாவைப் பார்த்து, "உங்களுக்கு எத்தன பசங்க?" என்றார். கல்யாணம் ஆகவில்லை என்றாள். "பிள்ள பெத்தவங்கதான் உள்ள வரணும்மா." அங்கம்மாள் உள்ளே போனாள். பரிமளா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். மணிகண்டன் நின்றுகொண்டே இருந்தான். சூளையிலும் அவன் இப்படித்தான் நின்றிருக்க வேண்டும்.

மத்தியானத்துக்கு மேல் உள்ளேயிருந்து அழுகைக் குரல் வந்தது. பெரிய குரல். நிறுத்தாமல் அழுதது. மணிகண்டன் அப்போதுதான் தரையில் உட்கார்ந்தான்.

வார்டுக்கு மாற்றின பிறகு பரிமளாவை உள்ளே விட்டார்கள். பெண் குழந்தை. நதியா சோர்ந்து போய்ப் படுத்திருந்தாள். அங்கம்மாள் ஒரு டம்ளரில் சர்க்கரைத் தண்ணி கலக்கி, சுத்தமான துணித் துண்டு ஒன்றையும் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டு யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதற்கு ஆளைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். பிள்ளை பெறாத பெண்ணைக் கூப்பிட்டு யாரும் பார்த்ததில்லை.

அங்கம்மாள் டம்ளரைப் பரிமளா பக்கம் நீட்டினாள். "நீ வெய்யி, தாயி. உன்ன மாதிரி வரட்டும்."

பரிமளா டம்ளரைப் பார்த்தாள். அவளுக்கு ஆசையாக இருந்தது. இப்படி ஒரு இடத்துக்கு அவளை யாரும் கூப்பிட்டதில்லை, இனி கூப்பிடுவார்களா என்றும் தெரியாது. வார்டில் இருந்த பெண்களெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்ணூறில் இதற்கும் ஒரு வரி இருந்தது.

"வேணாம்மா" என்றாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள். "மொதல்ல அம்மா பாலு. நதியா, மஞ்சளா கெட்டியா வரும், பீச்சிக் கொட்டிடாத, அதத்தான் குடுக்கணும். சர்க்கரத் தண்ணி வேணாம், வெறும் தண்ணி கூட வேணாம். ஆறு மாசத்துக்கு வேற ஒண்ணுமே வேணாம்."

அங்கம்மாளுக்கு முகம் விழுந்துவிட்டது. டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"ஆறு மாசம்னா? எங்க கணக்குலயா, உங்க கணக்குலயா?"

பரிமளா அங்கம்மாள் கண் முன்னாலேயே விரலை மடக்கினாள். வைகாசி பாதியிலிருந்து ஆனி பாதி, ஆடி பாதி என்று மெதுவாக எண்ணிக்கொண்டு போனாள். நதியாவும் படுத்தபடியே உதட்டை அசைத்துக் கூட எண்ணினாள்.

"கார்த்திக பாதி வரைக்கும்" என்றாள் பரிமளா.

அங்கம்மாள் தானும் ஒரு முறை எண்ணிப் பார்த்தாள். சரியாக வந்தது. சர்க்கரைத் தண்ணியைத் தானே குடித்துவிட்டு, பிள்ளையைத் தூக்கி நதியாவின் மார்பில் போட்டாள்.